வால்வு ஏன் கருகுகிறது: ஒரு கட்டுரை கெட்டுப்போன விதம்

1

இது கதையாக இருக்க வேண்டியதே இல்லை. வேன் உரிமையாளர் சங்கம் ஒன்று ஆண்டு மலர் போடுகிறது. அதற்கு 'எஞ்சினில் வால்வு கருகுவதற்கான காரணங்கள்' என்று இரண்டு பக்கக் கட்டுரை வேண்டும் என்றார்கள். மலரின் பொறுப்பாசிரியர் எனக்குத் தெரிந்தவர். "படமெல்லாம் நாங்க பாத்துக்கிறோம். நீங்க காரணத்தை மட்டும் வரிசையா எழுதிக் குடுங்க, போதும்" என்றார். காரணத்தை மட்டும் எழுதுவது எவ்வளவு பெரிய தொல்லை என்று அப்போது எங்கள் இரண்டு பேருக்குமே தெரியாது.

நானும் ஒழுங்காகத்தான் ஆரம்பித்தேன்:

'எஞ்சினுக்குள் எரிந்து முடிந்த புகையை வெளியே விடுகிற கதவுதான் எக்ஸாஸ்ட் வால்வு. இது எப்போதும் நெருப்புக்குள் தலையை நீட்டிக்கொண்டிருக்கிறது. இது சூடு தணிவதற்கு முக்கியமான வழி ஒன்றுதான். மூடும்போது தன் சீட்டில் நன்றாக அழுந்தி உட்கார வேண்டும். அப்போது சீட் அந்தச் சூட்டை வாங்கிக்கொள்ளும். சரியாக உட்கார முடியாத வால்வின் ஓரம் கருகி, எலி கடித்த பிஸ்கட் போல ஒரு துண்டு போய்விடும். இதற்கான காரணங்கள்: ஒன்று, வால்வை அழுத்தித் திறக்கிற டாப்பெட்டுக்கும் வால்வுக்கும் நடுவே உள்ள இடைவெளி போதாமல் இருப்பது. இரண்டு,'

இரண்டைத் தாண்ட முடியவில்லை. போதாமல் இருப்பது என்றால் என்ன? தானாகவா போதாமல் போகும்? யாரோ ஓர் ஆள் கையில் ஸ்பேனரைப் பிடித்து அதை அப்படி வைத்திருக்க வேண்டும். அந்த ஆள் யார், எதற்காக வைத்தார் என்று ஒரு கேள்வி வந்தது. கட்டுரையில் அதற்கு இடமில்லை. கட்டுரை என்றால் காரணங்களுக்குக் கை கால் இருக்காது, வீட்டில் மனைவி இருக்க மாட்டாள். நான் பேனாவை மூடிவிட்டு எழுந்து போயிருக்கலாம். போகவில்லை.

2

ஆளுக்குப் பெயர் வைத்துப் பார்த்தேன், ஒன்றும் ஒட்டவில்லை. அவனுடைய மெக்கானிக் ஷெட்டில் எல்லோரும் அவனைக் 'காது' என்று கூப்பிட்டார்கள், நானும் அப்படியே விட்டுவிட்டேன். நீளமான ஸ்குரூடிரைவரின் முனையை ஓடுகிற எஞ்சின்மேல் வைப்பான். பிடியைக் காதில் அழுத்திக்கொண்டு கண்ணை மூடி நிற்பான். "வாட்டர் பம்ப் பேரிங், இந்த மாசம் தாங்காது" என்பான். பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். தவறிப்போன தடவைகளை யாரும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை, அவனும்கூட.

அவன் மனைவிக்கு வயது நாற்பதை நெருங்குகிறது. ஆனாலும் ஊருக்கே அவள் 'பாப்பா'. சின்ன வயதில் அண்ணன் கூப்பிட்ட பெயர் கல்யாணத்துக்குப் பிறகு புருஷன் வாயிலும் ஒட்டிக்கொண்டது, பிறகு வாடிக்கையாளர் வாயிலும். அந்த அண்ணன் சொந்தமாக ஒரு வேன் வைத்து, தொழிற்சாலை ஆட்களை ஏற்றி இறக்குகிறார். காதுக்கு அவர் மச்சான், அவருக்குக் காது மாப்பிள்ளை. வேனுக்குத் தலைவலி காய்ச்சல் எது வந்தாலும் மாப்பிள்ளையின் ஷெட்டுக்குத்தான் வரும். கதைக்குள் இந்த மூன்று பேர்தான். பொறுப்பாசிரியர் நடுநடுவே போனில் வருவார், அவரைக் கண்டுகொள்ள வேண்டாம்.

எங்கே தொடங்குவது என்பதில் கொஞ்சம் திண்டாட்டம்.

அன்று காலையிலிருந்தே வானம் (வேண்டாம். வானத்துக்கும் வால்வுக்கும் சம்பந்தமில்லை.)

வேன் மேட்டில் ஏற முடியாமல் முக்கியது. உள்ளே இருந்த அத்தனை பேரும் (தொடக்கம் மோசமில்லை. ஆனால் இத்தனை பேரை ஏற்றிக்கொண்டு நான் எங்கே போவேன்? இறக்கிவிட்டேன்.)

பாப்பா வால்வு தேய்க்கக் கற்றுக்கொண்டது தற்செயலாகத்தான்.

இதை வைத்துக்கொண்டேன்.

3

பாப்பா வால்வு தேய்க்கக் கற்றுக்கொண்டது தற்செயலாகத்தான். அதுவரை ஷெட்டுக்குச் சாமான் வாங்கி வருவதும் கழற்றிய பாகங்களைக் கழுவி அடுக்குவதும் அவள் வேலை. ஒரு முறை காதுக்கு மணிக்கட்டு சுளுக்கிக்கொண்டது. பாதியில் நின்ற வேலையை அவள் கையில் எடுத்தாள். வால்வின் ஓரத்தில் சொரசொரப்பான பேஸ்ட்டைத் தடவி, ரப்பர் கப் வைத்த குச்சியால் கவ்விப் பிடிக்க வேண்டும். குளிருக்குக் கை தேய்ப்பது போலக் குச்சியை உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்ட வேண்டும். வால்வும் சீட்டும் ஒன்றையொன்று தேய்த்து, இரண்டிலும் சாம்பல் நிறத்தில் ஒரே சீரான வளையம் விழும்வரை உருட்ட வேண்டும். காதுக்கு இது எப்போதுமே பிடிக்காத வேலை, அவசரப்படுவான். பாப்பாவுக்கு அவசரம் கிடையாது. "இதுல என்ன இருக்கு, வளையம் அதுவா வரும். நாம வரவிடணும், அவ்வளவுதான்" என்பாள்.

சுளுக்கு சரியான பிறகும் அவன் குச்சியைத் திருப்பிக் கேட்கவில்லை. கொஞ்ச நாளில் ஒரு முழு ஹெட்டை, வால்வுகள் எல்லாம் உட்காரும் எஞ்சினின் மேல்பாகத்தை, அவளே தனியாகச் செய்தாள். மச்சானின் வேன்தான் அது. "என் வண்டிக்கு என் தங்கச்சி கைதான் படணும்" என்று அவரே கொண்டுவந்து விட்டார். தேய்த்து முடித்ததும் பாப்பா வால்வுக்குப் பின்னால் இருக்கும் துளைக்குள் பெட்ரோல் ஊற்றிக் கசிகிறதா என்று பார்த்தாள். ஒரு சொட்டும் கசியவில்லை. காது ஹெட்டைத் தூக்கி மாட்டினான், எஞ்சினைக் கிளப்பினார்கள். டாப்பெட் டிக் டிக் என்று பேசியது.

மச்சான் தலையைச் சாய்த்துக் கேட்டார். "என்ன பாப்பா, தையல் மிஷின் மாதிரி சத்தம் வருது? வால்வு தேய்க்கச் சொன்னா சட்டை தெச்சு வெச்சிருக்கியா?"

ஷெட்டில் இருந்தவர்கள் சிரித்தார்கள். பாப்பாவும் சிரித்தாள். சிரித்துவிட்டு, ஏற்கெனவே துடைத்து வைத்திருந்த ஸ்பேனரை எடுத்து மறுபடியும் துடைத்தாள்.

(குறிப்பு: டாப்பெட் கொஞ்சம் பேசத்தான் வேண்டும். ஒரேயடியாக வாயை மூடிக்கொண்டிருக்கும் டாப்பெட்டைத்தான் நம்பக் கூடாது. அதுவும் புதிதாகத் தேய்த்த வால்வு ஓட ஓடச் சீட்டில் இன்னும் கொஞ்சம் படியும், இடைவெளி மேலும் குறையும், தீர்ந்தே போனால் வால்வு முழுதாக மூடாது. அதனால் சரியான அளவில் விட்டுவிட்டு, கொஞ்சம் ஓடிய பிறகு திரும்பப் பார்க்க வேண்டும். இது காதுக்குத் தூக்கத்தில் கேட்டாலும் தெரியும்.)

அவன் ஸ்பேனரை எடுத்தான். மூடியைக் கழற்றி, எந்த டாப்பெட் அதிகம் சத்தம் போடுகிறது என்று பார்த்து, அதன் நட்டைத் தளர்த்தி இடைவெளியைக் குறைத்தான். சத்தம் அடங்குகிறவரை குறைத்தான். "இப்ப கேளுங்க மச்சான்" என்றான். மச்சான் கேட்டார். "ஆகா, வெண்ணெய் மாதிரி ஓடுது" என்றார். பாப்பாவின் முகம் தெளிந்தது.

(அன்று அவன் ஸ்குரூடிரைவரை வைத்துக் கேட்கவில்லை. எழுதும்போது எனக்கே அது உறைக்கவில்லை.)

பார்த்தீர்கள் அல்லவா, காரணத்தை இப்போதே சொல்லிவிட்டேன். கடைசிவரை மடியில் ஒளித்து வைத்திருந்து அவிழ்த்துக் காட்டுகிற எண்ணம் எனக்கில்லை. மனைவியின் முதல் வேலையை நாலு பேர் கிண்டல் செய்யக் கூடாது என்று ஒருவன் டாப்பெட்டை இறுக்கினான், வால்வு கருகியது. இத்தோடு கட்டுரையும் முடிந்திருக்க வேண்டும். அவள் பெயரைக் காப்பாற்றச் செய்த காரியமே அவள் பெயரைக் கெடுக்கப் போகிறது என்று தெரிந்ததால்தான் மேலே எழுதினேன்.

4

சில மாதம் கழித்து வேன் திரும்பி வந்தது. "மேடு ஏற மாட்டேங்குது மாப்ளே" என்றார் மச்சான். "ஆளுங்க இறங்கித் தள்றாங்க. ஒருத்தன் கேக்குறான், வேலை பாக்குறது ஃபேக்டரியிலயா, உங்க வேன்லயான்னு."

காது எஞ்சினை ஓடவிட்டு ப்ளக் வயரை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்தான். மூன்றாவதைப் பிடுங்கியபோது எஞ்சினின் ஓட்டத்தில் ஒரு மாற்றமும் இல்லை. அந்தச் சிலிண்டர் வேலையே செய்யவில்லை என்று அர்த்தம். எஞ்சின் ஆறட்டும் என்று விட்டு, உச்சி வெயில் ஏறிய பிறகு மேல்மூடியைக் கழற்றினான். பாப்பா சாமான் கடைக்குப் போயிருந்தாள். மச்சான் வாசலில் நின்று யாரிடமோ போனில் வேறு வேனுக்குக் கெஞ்சிக்கொண்டிருந்தார்.

எதையும் கழற்றுவதற்கு முன்னால் இடைவெளியை அளப்பது காதின் பழக்கம். பல கனத்தில் தகடுகள் கோத்த கேஜில் உரிய தகட்டை எடுத்து மூன்றாவது எக்ஸாஸ்ட் டாப்பெட்டின் அடியில் செருகினான். நுழையவில்லை. அதைவிட மெல்லியதை எடுத்தான், அதுவும் நுழையவில்லை. கடைசியில் இருப்பதிலேயே மெல்லிய தகடு, ஊதினால் ஆடுவது, அதைச் செருகினான். முனை மடங்கியதுதான் மிச்சம்.

  சத்தம் அடங்கட்டும் என்று நட்டை முறுக்கிய தன் கையை அவன் பார்த்தான்.

பிறகு டாப்பெட்டுகளைத் தாங்குகிற ராக்கரின் போல்ட்டுகளைக் கழற்றினான். ஹெட்டை இறக்க வேண்டுமென்றால் ராக்கரைக் கழற்றித்தான் ஆக வேண்டும், வேலை அப்படி. ஆனால் ராக்கரைக் கழற்றிய பிறகு இடைவெளி என்று ஒன்று கிடையாது. இனி யார் வந்தாலும் அளக்க முடியாது. அவன் தடயத்தை அழித்தானா, அடுத்த வேலையைச் செய்தானா? இந்த இடத்தில் நான் அவனை ரொம்ப நேரம் சந்தேகப்பட்டேன். இரண்டும் ஒரே வேலையாக இருந்துவிட்டது, அதற்கு நான் என்ன செய்ய.

பாப்பா வந்தபோது ஹெட் மேசைமேல் கவிழ்ந்து கிடந்தது. அவளே வால்வைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தாள். ஓரத்தில் துண்டு போயிருந்தது.

"மூணாவதா?" என்றாள். "நான் கடைசியா தேய்ச்சது இதைத்தான். அப்பவே கை ஓஞ்சிருச்சு. சரியா உக்காரல போல."

காது பழைய துணியை எடுத்துக் கையைத் துடைத்தான்.

மச்சான் தங்கையின் தோளில் தட்டினார். "விடு பாப்பா. முதல் வேலைன்னா அப்பிடி இப்பிடித்தான் இருக்கும். இனிமே மாப்ளே பாத்துக்கட்டும். நீ எப்பவும் போல சாமான் வாங்குறதைப் பாரு. எதுக்கு இந்தப் பேஸ்ட்டும் கரியும்?"

அவர் குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் அவள் பதிலுக்குக் கத்தியிருப்பாள். அவள் தேய்க்கும் குச்சியைக் கழுவி, துடைத்து, மேசையின் கீழ் இழுப்பறையில் போட்டு மூடினாள். அவளுக்காகவே இன்னும் இரண்டு ஹெட் சுவரோரம் காத்திருந்தன. "அதை நீங்களே பண்ணிருங்க" என்று காதிடம் சொன்னாள். இவ்வளவுதான் நடந்தது. இனி அவள் அந்தக் குச்சியைத் தொட மாட்டாள் என்று அங்கே இருந்த மற்ற இரண்டு பேருக்கும் தெரிந்தது.

5

பொறுப்பாசிரியர் போன் செய்தார். "என்னங்க, ரெண்டு பக்கம்தானே கேட்டேன்? அஞ்சாறு காரணம் போட்டு முடிங்க."

முடிக்கத்தான் பார்த்தேன். காரணத்துக்கா பஞ்சம்? ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்து எஞ்சின் கொதித்தாலும் வால்வு கருகும். அப்படி எழுதினால் தவறு மச்சானுடையது, ஓட்டியவர் அவர்தானே. அல்லது மட்டமான வால்வு என்று எழுதலாம், பழி சாமான் கடைக்காரர் தலையில் விழும். அவர் இந்தக் கதைக்குள் வரவே இல்லை, எதிர்த்துப் பேசவும் மாட்டார். வராத ஆள்மேல் பழியைப் போடுவது எழுதுகிறவர்களுக்குக் கைவந்த கலை. இவற்றையெல்லாம்விட எனக்குப் பிடித்தது கரித்துண்டு. எஞ்சினுக்குள் சேரும் கரியில் ஒரு பொடித்துண்டு பிய்ந்து வந்து சீட்டில் மாட்டிக்கொண்டால் போதும், வால்வு மூடாது, கருகிவிடும். யார் மேலும் குற்றமில்லை. ஒரு பக்கம் எழுதியும்விட்டேன்:

பாப்பா சீட்டை விரலால் தடவினாள். ஏதோ நெருடியது. "இங்க பாருங்க, கரி!" என்றாள். காது குனிந்து பார்த்து

பார்த்து என்ன சொல்வான்? கேஜ் நுழையவில்லை என்பது அவனுக்குத் தெரியுமே. சரி, அந்தக் கேஜையே கதையிலிருந்து எடுத்துவிடலாம் என்று நாலாம் பகுதிக்குத் திரும்பிப் போனேன். அடிக்கவும் அடித்தேன். பிறகு திரும்ப எழுதினேன். அவனுக்கு ராக்கரைக் கழற்ற ஒரு காரணம் இருந்தது, எனக்கு அந்தச் சாக்குகூட இல்லை. தவிர, கேஜ் மடங்கியதை இப்போது மூன்று பேர் பார்த்துவிட்டோம். காது பார்த்தான், நான் பார்த்தேன், நீங்களும் பார்த்தீர்கள்.

6

முடிவு, முதல் வகை. காது ஒன்றும் சொல்வதில்லை. புது வால்வைத் தானே தேய்க்கிறான். டாப்பெட்டைச் சரியான அளவில் வைக்கிறான், எஞ்சின் டிக் டிக் என்று பேசுகிறது, இந்தத் தடவை மச்சான் கிண்டல் செய்வதில்லை. 'மாப்பிள்ளை செய்தால் எல்லாம் தெரிந்துதான் செய்வார்.' பாப்பா சாமான் வாங்கி வருகிறாள். வருடங்கள் ஓடுகின்றன. நடப்பில் இதுதான் நடக்கும். எழுதி முடித்ததும் எனக்கு எரிச்சலாக வந்தது.

முடிவு, இரண்டாம் வகை. காது சொல்லிவிடுகிறான். பாப்பா குச்சியை உள்ளே போட்டு மூடிய சத்தம் கேட்டதும், யோசிக்காமல் சொல்லிவிடுகிறான்.

"மச்சான், அது பாப்பா வேலை இல்ல. டாப்பெட்டை நான்தான் டைட் வெச்சேன். அதான் கருகிருச்சு."

அவன் இதைச் சொன்னால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்துத்தான் எழுதினேன். ஆனால் மச்சான் விழுந்து விழுந்து சிரித்தார்.

"பொண்டாட்டிய விட்டுக்குடுக்காம பேசுறதுல உங்கள அடிச்சுக்க ஆளே இல்ல மாப்ளே! பாத்தியா பாப்பா, குடுத்து வெச்சவ நீ."

"நெசமாத்தான் மச்சான். கேஜ் போட்டுப் பாத்தேன்."

"சரிங்க, நம்பிட்டேன், நம்பிட்டேன்." மச்சான் கண்ணைச் சிமிட்டிவிட்டு, கிடைத்த வேறு வேனைப் பார்க்கக் கிளம்பிப் போனார்.

உண்மையைச் சொன்னால் அது புருஷனின் பாசமாகக் கேட்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. காதும் எதிர்பார்க்கவில்லை. ட்ரே பக்கம் திரும்பினான். நிரூபிக்க எதுவும் இல்லை, ராக்கர் தனியாகக் கழன்று ட்ரேயில் கிடந்தது.

இந்த முடிவையும் கிழித்துப் போடலாம் என்று இருந்தேன். பாப்பா விடவில்லை.

7

பாப்பா சிரிக்கவில்லை.

"எந்தத் தகடு போகல?" என்றாள்.

"எதுவுமே போகல. சின்னது மடங்கிப் போச்சு."

அவள் கேஜை எடுத்துத் தகடுகளை விரித்தாள். கடைசித் தகட்டின் மடங்கிய முனையைக் கட்டைவிரலால் நீவிப் பார்த்தாள். அவள் நம்பிவிட்டாள். இத்தோடு முடிந்தது என்று நான் மூச்சு விட்டேன். அவனும் விட்டிருப்பான். அவள் இப்போது கீழ் இழுப்பறையைத் திறந்து குச்சியை வெளியே எடுக்க வேண்டும். நான் அதை எழுதக்கூடத் தொடங்கினேன்: பாப்பா குனிந்து

அவள் குனியவில்லை.

"அன்னிக்கு வந்தது டாப்பெட் சத்தம். அது உங்களுக்குத் தெரியும்ல?"

"தெரியும்."

"டாப்பெட் அப்பிடித்தான் பேசும் மச்சான்னு அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிருந்தா முடிஞ்சு போயிருக்கும். யார் யாருக்கோ அதைச் சொல்லிருக்கீங்க. நான் பாத்திருக்கேன்."

"நாலு பேர் முன்னாடி உன்னைக் கிண்டல் பண்ணாரு. எனக்குப் பொறுக்கல."

"கிண்டல் பண்ணா பண்ணிட்டுப் போறாரு, என் அண்ணன்தானே. நான் அதைக் கேக்கல." அவள் குரலை உயர்த்தவில்லை. "ஸ்பேனரைக் கையில எடுத்தப்ப, என் வேலைதான் சத்தம் போடுதோன்னு உங்களுக்கும் தோணுச்சா? அதை மட்டும் சொல்லுங்க."

இங்கே நான் மாட்டிக்கொண்டேன். எத்தனை நாளாக இங்கேயே நிற்கிறேன் என்று பொறுப்பாசிரியருக்குத் தெரியும். அவருக்குக் கட்டுரையை அனுப்பிவிட்டேன், அழகாக வரிசை போட்டு, முதல் காரணமாக டாப்பெட்டை வைத்து. "இப்பத்தான் உருப்படியா இருக்கு" என்றார். அவள் கேட்ட காரணம் அந்த வரிசையில் இல்லை.

'சேச்சே, ஒரு நிமிஷம்கூடத் தோணல' என்று அவனைச் சொல்லவைக்கலாம். அவள் "சரி" என்பாள். காப்பாற்றப்பட வேண்டிய ஆளாகவே இருந்துவிட்டுப் போவாள், குச்சி கீழ் இழுப்பறையிலேயே கிடக்கும். 'தோணுச்சு' என்று சொல்லவைக்கலாம். அவள் நாள்கணக்கில் முகம் கொடுக்க மாட்டாள். ஆனால் ஒரு நாள் ஆத்திரத்தில் குச்சியை எடுத்து, சுவரோரம் இருக்கும் இரண்டு ஹெட்டையும் அவன் கண்முன்னாலேயே தேய்த்து முடிப்பாள் என்று எனக்கு ஒரு நம்பிக்கை. அதனால் இரண்டாவதை எழுதிவிடலாம் என்று தோன்றுகிறது. ஆனால் எது நல்லது என்று அவள் கேட்கவில்லை. அன்றைக்கு அவன் மனதில் என்ன இருந்தது என்று கேட்கிறாள். அவன் தன் கையைப் பார்த்ததுவரை தெரிந்த எனக்கு, அது மட்டும் தெரியவில்லை. அவளோடு இருபது வருடம் வாழ்ந்த அவனுக்கே தெரியுமா என்பதும் சந்தேகம்தான்.

அவள் கேஜை மூடாமல் கையில் வைத்துக்கொண்டு அவனைப் பார்க்கிறாள். அவன் வாய் திறக்க வேண்டிய இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன்:

"                    "

நீங்கள் நிரப்பலாம். தோன்றியது, தோன்றவில்லை, இரண்டில் எதை வேண்டுமானாலும் போடுங்கள், நான் தடுக்க மாட்டேன். ஆனால் இங்கே உட்கார்ந்துகொண்டு போடக் கூடாது. அவள் எதிரில் போய் நின்று, அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். நான் போய் நின்று பார்த்தேன். எனக்கு வாய் வரவில்லை.